ஊர் அருங்காட்சியகம் தொடங்குவது எப்படி: முதல் நோட்டிலிருந்து திறப்பு விழா வரை

தன் ஊரில் ஓர் அறையையாவது அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிதியோ, படித்த காப்பாட்சியரோ இல்லாத ஊர்களைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். நான் இருப்பது நொய்யல் கரைப் பக்கம், கொங்கு நாடு. தொல்லியல் அகழாய்வு நடந்த கொடுமணல் எங்களுக்கு அக்கம்பக்கம்தான். நாங்கள் இந்த வேலையில் இறங்கியபோது எந்தத் தாளை முதலில் வாங்குவது, எதை யாரிடம் கேட்பது என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லை. ஒரு மேசையில் கேட்டால் இன்னொரு மேசையைக் காட்டினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

காலக்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஒழுங்காக உழைத்தால் திறப்பு விழாவுக்கு ஒரு வருடம் ஆகும். அதற்கு முன்னால் திறந்தே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் விடுபடுவது எப்போதும் பதிவேடுதான். பின்னால் அதைச் சரிசெய்யவே முடியாது.

1. கட்டடம் தேடாதீர்கள், நோட்டு வாங்குங்கள்

எல்லோரும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இடம் கிடைத்ததும் ஊரே பழைய சாமானைக் கொண்டுவந்து இறக்கிவிடும். யார் கொடுத்தது, எங்கே இருந்தது என்று ஒரு மாதத்தில் மறந்துபோகும். பிறகு அந்த அறைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் வித்தியாசம் இருக்காது.

முதல் மூன்று மாதம் ஒரு பொருளையும் வாங்காதீர்கள். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றும் கைபேசி கேமராவும் போதும். வீடு வீடாகப் போய் எழுதுங்கள்: பொருள் என்ன, ஊரில் அதற்கு என்ன பெயர், யார் புழங்கியது, எந்த வருடம் வரைக்கும், யார் செய்தது, இப்போது யாருக்குச் சொந்தம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் வீட்டில் தொடங்குங்கள். கவலை, அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் முறை, ஓடிய கிணறு எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தது. தண்ணீர் மொள்ளும் பறி கிடைக்கும், இரும்பு வளையம் கிடைக்கும். ஆனால் வடக்கயிறு எது, வால்கயிறு எது, பறியின் தோல் வாயான தும்பியை யார் தைத்தார்கள், மாடு திரும்பும்போது என்ன பாட்டுப் பாடினார்கள் என்பதெல்லாம் கவலை ஓட்டிய அப்பாரு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். அவர் சம்மதத்தோடு பேச்சை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். பறி அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். அப்பாருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் பேச்சைப் பதிவதுதான் முதல் வேலை.

வீடு வீடாகப் போக மார்கழிக் கடைசி நல்ல நேரம். பொங்கலையொட்டி வரும் காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், அட்டாலியை (பரணை) காலி செய்வார்கள். பழைய சாமான் தெருவுக்கு வருவது அப்போதுதான். ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு வீடு கட்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் உடனே போய்விடுங்கள்.

பித்தளைப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு காகிதத்தைக் கோட்டைவிடாதீர்கள். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கைத்தறிச் சங்கப் பாஸ் புத்தகம், மில் அடையாளச் சீட்டு, கிரயப் பத்திரம், பள்ளிக்கூடத்துக் குழுப் படம் எல்லாமே ஊர் வரலாறு. அறுபது வருடத்து மொய் நோட்டு ஒன்று போதும். யார் யாருக்கு உறவு, யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்கள், ஒரு ரூபாய்க்கு அன்று என்ன மரியாதை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாத்திரத்தில் இவ்வளவு இருக்காது.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். நோட்டில் தோட்டம் துரவு உள்ள வீடுகள் மட்டும் நிறைந்துவிட்டால் அது ஊரின் வரலாறு ஆகாது. தும்பி தைத்தவர், பானை வனைந்தவர், தறி ஓட்டியவர், வெளுத்தவர், பறையடித்தவர் ஆகியோரின் வீடுகளுக்கும் அதே மரியாதையோடு போங்கள். அங்கே பொருள் குறைவாகவும் நினைவு அதிகமாகவும் இருக்கும். குழுவிலும் அந்தத் தெருக்களிலிருந்து ஆள் இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டால் போதும் என்று நினைத்தால் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள்.

2. எதை வாங்கவே கூடாது

நல்லெண்ணத்தோடு செய்பவர்கள் வழக்கில் மாட்டுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், கிடைத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துத் தொகை. இன்றைக்கு ஒரு காசு கிடைத்தாலும் அதற்குள் வந்துவிடும். உழும்போது காசுக் குடம் கிடைத்தது என்று யாராவது வந்தால் நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொல்ல அவரோடு துணைக்குப் போங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தொல்லியல் மேட்டில் பொறுக்கியவை: எங்கள் பக்கத்துக் காடுகளில் மழைக்குப் பின் கல்மணியும் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் மேலே வரும். எடுத்துவரத் தோன்றும். எடுத்த நொடியிலேயே அது எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற சேதி போய்விடுகிறது. தொல்லியலாளருக்கு அந்தச் சேதிதான் வேண்டும். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தோண்டிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது மத்தியச் சட்டப்படியும், 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

சாமி சிலைகள்: கோயில் சிலை என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கையால் தொடாதீர்கள். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு வந்து கேட்கும்போது “ஊருக்காக வைத்திருந்தோம்” என்ற பதில் செல்லாது. வீட்டுப் பூசையறையில் தலைமுறையாக இருந்த சிலை என்றாலும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு வயதுக்கு மேற்பட்ட சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் உள்ள சுவடிகள் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அருங்காட்சியகங்களுக்கு இந்தப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. தனியார் சங்கம் என்றால், மத்திய அரசு ஒப்புதல் தந்த அமைப்பாக இருந்தால் தவிர, விலக்கு இல்லை. எழுத்துச் சுவடிக்கும் ஆவணத்துக்கும் நூறு ஆண்டு வேண்டியதில்லை. வரலாற்று மதிப்பு இருந்து 75 ஆண்டு ஆகிவிட்டாலே அது தொல்பொருள்தான். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமம் இல்லாமல் விற்பனைத் தொழிலும் செய்ய முடியாது.

மான்கொம்பு, புலித்தோல், யானைத் தந்தம்: பழைய வீட்டு முன்கட்டில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள், ஆசையாகவும் கொடுப்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது, வாங்க வேண்டாம். நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். துருப்பிடித்துக் கிடந்தாலும் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்காமல் உங்கள் அறைக்குள் அது வரக்கூடாது.

நடுகல், கல்வெட்டு: பெயர்க்கக் கூடாது. பல இடங்களில் அது இன்றும் கும்பிடும் கல். நின்ற இடத்திலேயே பக்கவாட்டு வெயிலில், காலை அல்லது மாலையில் படம் எடுங்கள். எழுத்து தெளிவாக விழும். சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தைத் தெளிவாக்குவது கல்லுக்குக் கேடு. மைப்படி, அதாவது எழுத்தின் மேல் தாள் ஒற்றி மையால் படியெடுப்பதை, பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

3. சங்கமா, அறக்கட்டளையா

தனி ஆள் பெயரில் நடத்தக்கூடாது. இன்றைக்கு உங்களிடம் இருக்கும் நம்பிக்கை உங்கள் வாரிசுகளிடமும் இருக்கும் என்று ஊர் ஒத்துக்கொள்ளாது.

சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நோக்கக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர்களின் அடையாள, முகவரிச் சான்றுகள், அலுவலக இடத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதிகாரம் சில பேர் கையில் நின்றுவிடும். ஊர்ப் பொருளுக்குச் சங்கமே சரி என்பது என் எண்ணம். தேர்தல் உண்டு, வருடாவருடம் கணக்குக் காட்டியாக வேண்டும், கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

துணை விதிகளை அச்சடித்த மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். இரண்டு விதி கட்டாயம் வேண்டும். ஒன்று, பொருளை விற்கவோ அடகு வைக்கவோ எந்த நிர்வாகக் குழுவுக்கும் உரிமை இல்லை. இரண்டு, சங்கம் கலைந்தால் பொருள்களெல்லாம் இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அமைப்புக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். இரண்டாவது விதியை வாசித்துக் காட்டிய பிறகு நெடுநாள் தயங்கியவர்களும் பொருள் கொடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதிவு எண் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்தில் இயங்குவதாகத் திறங்கள். கணக்குத் திறக்கும் வரை ஒரு ரூபாய் நன்கொடையும் வாங்காதீர்கள், பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்குவது இன்னும் மோசம். பெயரில் சங்கதி உண்டு. அரசுத் துறையோ என்று எண்ண வைக்கும் பெயர்களைத் திருப்பிவிடுவார்கள். மூன்று பெயர் எழுதிக்கொண்டு போங்கள்.

4. இடம்

ஊராட்சிக் கட்டடம், மூடிய பள்ளிக்கூட அறை, பழைய சாவடி இவற்றில் ஏதாவது சும்மா கிடக்கும். அதைக் கேட்பதென்றால் கிராமசபையில் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதம் முதல் மூன்றரை மாதம் வரை காத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய வாரமே ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பார்த்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே போய் எழுந்து நின்று கேட்டால் கைதட்டு கிடைக்கும், தீர்மானம் கிடைக்காது. தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போங்கள்.

தனியார் வீடு என்றால் பட்டா நகல், வில்லங்கச் சான்றிதழ் இரண்டையும் பாருங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியெல்லாம் மாட்டி முடிக்கும்போது காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ஐந்து வருடம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கட்டடம் என்றால் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒழுகும் இடம் வெயில் காலத்தில் தெரியாது.

5. பொருள் வரும் நாளில் தாளும் வர வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பொருள் வாசலைத் தாண்டும் அன்றைக்கே மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும்: கொடைக் கடிதம், பதிவேட்டு வரி, பொருளில் எண். நாளைக்கு என்று தள்ளினால் அந்த நாளை வராது.

அசையும் பொருளைக் கொடையாகத் தரப் பத்திரப் பதிவு தேவையில்லை. மனமுவந்து கையில் கொடுத்தாலே சட்டப்படி போதும். ஆனாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். அதில் கொடுப்பவர் பெயர், முகவரி, பொருளின் விவரம், அது எப்படி அவர் கைக்கு வந்தது, “நிபந்தனையின்றிச் சங்கத்துக்குக் கொடுக்கிறேன்” என்ற வரி, தேதி, இரண்டு சாட்சி இருக்க வேண்டும். இரண்டு படி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள். ஆதார் நகல் கேட்காதீர்கள், அதற்கு இங்கே வேலையில்லை.

பாகம் பிரியாத குடும்பத்துப் பொருள் என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோர் கையெழுத்தும் வேண்டும். அப்பத்தாவின் வெண்கலக் குண்டாவைத் தம்பி கொடுப்பார், திறப்பு விழாவில் பார்த்துவிட்டு அக்கா சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

“கொடுக்கிறேன், ஆனால் எப்போதும் முதல் அறையிலேயே இருக்க வேண்டும்” என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். “நிரந்தரமாக இரவல்” என்பதும் வேண்டாம். இரவல் என்றால் ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு வருடம் என்று தேதி போட்டு எழுதுங்கள். கொடுக்க மனமில்லாத பத்திரம், சுவடி, புகைப்படங்களை வாங்காமலே காரியம் நடக்கும். அவர்கள் வீட்டுக்கே போய் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு (dpi) குறையாமல், சிறிய புகைப்படம் என்றால் 600 புள்ளியில் படியெடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதிவேட்டு எண் எளிமையாக இருக்கட்டும். 2025.14.3 என்றால் அந்த வருடம், பதினான்காவது கொடை, அதில் மூன்றாவது பொருள். செம்புக்கு மூடி இருந்தால் 3அ, 3ஆ. எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டிவிடுவது பாதுகாப்பு. உலோகத்தில் நேரடியாகப் பெயிண்ட் அடிக்கவோ ஒட்டுநாடா ஒட்டவோ வேண்டாம். காகிதத்தில் பென்சிலால், பின்பக்க ஓரத்தில். பதிவேடு கையெழுத்தில் ஒன்று, கணினியில் ஒன்று. கணினிப் படியை வேறு வீட்டில் இன்னொன்றாக வைத்திருங்கள்.

6. சுத்தம் செய்கிறேன் என்று கெடுக்காதீர்கள்

புளி போட்டுத் தேய்ப்பதுதான் பெரிய ஆபத்து. செப்பேட்டையும் காசையும் அன்பு மிகுதியால் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். மேலே படிந்த பாசி நிறப் படலத்தோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

ஓலைச்சுவடி காய்ந்திருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. ஒருமுறை செய்பவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகு தடவுங்கள். வண்ண ஓவியம் உள்ள ஓலையில் கூடவே கூடாது. பழைய காகிதத்தைத் தகடு அடிப்பதும் (லேமினேஷன்), கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டுவதும் அதைக் கொல்வதற்குச் சமம்.

மரச் சாமானைத் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். கரையான் வந்தால் கண்ணுக்குத் தெரிய ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். தறிக்கட்டை, மரக்கால் போன்றவற்றைச் சுற்றி மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். காகிதம், துணி, ஓலை மீது நேர் வெயில் படக்கூடாது. விளக்கொளியும் 50 லக்ஸ் அளவோடு நிற்கட்டும். கைபேசியிலேயே அளக்கும் செயலி இருக்கிறது, தோராயத்துக்கு அது போதும்.

சந்தேகம் வந்தால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து இயங்கும் வேதியியல் பாதுகாப்புக் கூடத்துக்கு எழுதலாம். சுவடிக்குச் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம், பழைய அச்சு நூலுக்கும் இதழுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உங்கள் மாவட்டத் தலைநகரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கக்கூடும். எங்களுக்கு ஈரோடு. அங்கே போய்க் காப்பாட்சியரைப் பார்த்து, பதிவேட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

7. காட்சிக்கு வைப்பது

இருப்பதையெல்லாம் பரப்பாதீர்கள். நான்கில் ஒன்று வெளியே, மற்றது இரும்பு அலமாரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஊரார் மறுபடி வருவார்கள்.

விளக்க அட்டை ஐந்தாறு வரிக்குள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் தமிழில். “பழங்கால உரல்” என்று மட்டும் எழுதினால் அது தேவையே இல்லை, உரல் என்று எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டு உரல், எந்தக் கல், யார் கொத்தியது, கடைசியாக எப்போது இடித்தார்கள் என்று எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத வயதை ஊகித்து “ஆயிரம் ஆண்டு பழமை” என்று போடவே போடாதீர்கள். ஒரு பொய் அட்டை மற்ற எல்லா அட்டையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

8. பணம்

செலவின் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கூரைப் பழுது, பிறகு மின்கம்பி மாற்றுவது, பிறகு பூட்டும் கம்பிக் கதவும், பிறகு இரும்பு அலமாரி, கடைசியில் கண்ணாடிப் பெட்டி. எல்லோரும் கண்ணாடிப் பெட்டியை முதலில் வாங்கிப் பணத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை புதுப்பிக்கும்போது பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், சொல்லி வையுங்கள். தொடக்கச் செலவைத் திரட்டுவதைவிட, பகலில் திறந்து வைத்திருப்பவரின் மாதச் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் திரட்டுவதுதான் கடினம். இரண்டு வருடத்துக்கு அது கையில் இருந்தால் மட்டும் தேதி குறியுங்கள்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க, 12ஏ, 80ஜி என்று நம்மவர்கள் சொல்லும் வருமான வரிப் பதிவு வேண்டும். தணிக்கையாளர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

வெளிநாட்டு நன்கொடை பலர் அறியாமல் விழும் குழி. துபாயில் வேலை பார்க்கும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஊர்க்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், தடையில்லை. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பா மகனாகவே இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. அதற்கு 2010ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு வேண்டும். புதிய சங்கத்துக்கு அது கிடைக்காது. மூன்று ஆண்டு இயங்கி, நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்துக் காட்டியிருக்க வேண்டும். அனுப்பும் முன்பே ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுவிடுங்கள்.

மத்தியக் கலாச்சார அமைச்சகத்தில் அருங்காட்சியகங்களுக்கான மானியத் திட்டம் உண்டு. அதற்கும் பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஒரு பங்கை நீங்களும் போட வேண்டும். முதல் நாளிலிருந்து கணக்கு சுத்தமாக இருந்தால் அப்போது விண்ணப்பிக்கலாம்.

9. திறந்த பிறகு

வாரத்தில் இரண்டு நாள் திறந்தாலும் போதும், ஆனால் சொன்ன நேரத்தில் திறந்திருக்க வேண்டும். சனியும் ஞாயிறும் நல்லது. பள்ளிக்கூடங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேறு நாளில் வரட்டும். ஒரு தடவைக்கு முப்பது பிள்ளைக்கு மேல் சிறிய அறையில் விடாதீர்கள்.

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை ஒப்புதல் வாங்கி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். இதை விட்டுவிட்ட சங்கங்கள் சில வருடம் கழித்து அபராதமும் கட்டி, பழைய நிர்வாகிகளின் கையெழுத்தைத் தேடி ஊர் ஊராக அலைவதைப் பார்க்கிறோம்.

வருடத்துக்கு ஒருமுறை பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் சரிபாருங்கள். சரிபார்ப்பவர் அந்த வருட நிர்வாகக் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். முடிந்ததும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.